குட்டி யானையைக் கறிதோசை வண்டியாக்க: எடைக்கணக்கில் ஆரம்பியுங்கள்

வண்டியை வாங்கி நிறுத்திவிட்டு, அதற்குள் என்னென்ன வைக்கலாம் என்று யோசிப்பவர்களே அதிகம். தலைகீழாகச் செய்யுங்கள். என்ன விற்கப் போகிறீர்கள், அதற்கு என்ன அடுப்பு, என்ன பாத்திரம் என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே கிலோவைப் போடுங்கள். ஜிகர்தண்டா, பருத்திப்பால் என்றால் ஆம்னியே தாங்கும். கறிதோசை என்றால் 3 அடிக்கு 2 அடி, 12 மி.மீ. இரும்புக் கல் மட்டுமே 52 கிலோ. பரோட்டா போட நினைத்தால் மாவு வீச மேடை வேண்டும். 4 அடிக்கு 2 அடி, 20 மி.மீ. கிரானைட் 40 கிலோ வரும். அந்த இடத்தில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகடு போட்டால் பாதிகூட வராது.

சின்ன வண்டியில் குட்டி யானை, அதாவது டாடா ஏஸ், நல்ல தேர்வு. தளம் சுமார் 7 அடிக்கு 5 அடி. எந்த மெக்கானிக்கும் கை வைப்பார், பாகங்கள் எங்கும் கிடைக்கும். இரண்டு பேர் உள்ளே நின்று வேலை பார்க்க வேண்டுமென்றால் அசோக் லேலண்ட் தோஸ்த் அல்லது பொலேரோ பிக்கப் பாருங்கள். வெள்ளை நம்பர் பிளேட் ஆம்னி மலிவாகக் கிடைக்கும். அதை வியாபாரத்துக்கு ஓட்டினால் வழியில் பிடிப்பார்கள். மஞ்சள் பிளேட்டுக்கு மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

வாங்கும்போது

கன்சல்டிங் கடையில் பளபளவென்று நிற்கும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்பக்கம். டி.என். 65, 69 பதிவு என்றால், அதாவது ராமநாதபுரம், தூத்துக்குடிப் பக்கம் என்றால், மீனோ உப்போ ஏற்றிய வண்டியா என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை நம்பாமல் சேஸை ஒரு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு. மந்தமாகக் கேட்டால் உள்ளே துரு, மேலே பட்டி. கதவின் அடிவிளிம்பு, கேபினும் சேஸும் சேரும் இடம், பின்பட்டை (லீஃப் ஸ்பிரிங்) மாட்டிய பிராக்கெட் ஆகிய மூன்றும் முதலில் அரிக்கும். சமமான தரையில் நிறுத்திப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால் பட்டை ஒடிந்திருக்கலாம், அல்லது காலமெல்லாம் அதிகச் சுமை தாங்கிய வண்டியாக இருக்கலாம்.

காலையில், எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்குள் யாராவது ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ஆறிய எஞ்சின் ஒன்றிரண்டு முயற்சியில் பிடிக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறங்கள்; புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது. ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தால் விட்டுவிடுங்கள். உணவு வண்டி அதிகம் ஓடாது, நின்றபடியேதான் சம்பாதிக்கும். ஆகவே எஞ்சின் சுமாராக இருந்தாலும் சமாளிக்கலாம், சேஸ் சுமார் என்றால் முடியாது.

ஆர்சி, எஃப்சி (வண்டித் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ், சாலை வரி, புகைச் சான்று எல்லாவற்றையும் பாருங்கள். 8 ஆண்டு கடந்த வணிக வண்டிக்கு எஃப்சி ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். முடியப் போகிற எஃப்சி என்றால் விலையில் கழிக்கச் சொல்லுங்கள். பைனான்ஸ் இருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35 வாங்காமல் முழுப் பணம் கொடுக்க வேண்டாம். பெயர் மாற்ற படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவரின் கையெழுத்து வேண்டும். நிலுவையில் அபராதம் இருக்கிறதா என்று வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

பட்டறைக்குப் போகும் முன்

திறந்த பாடியை மூடிய பாடியாக மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-இன் கீழ் வருகிறது. முதலில் ஆர்டிஓ அனுமதி, அப்புறம் வெல்டிங். உங்கள் வண்டி மதுரைப் பதிவுகளான டி.என். 58, 59, 64 எதுவோ, அந்தந்த அலுவலகத்தில் வரைபடத்தோடு கேளுங்கள். வேலை முடிந்ததும் மாற்றம் ஆர்சியில் ஏற வேண்டும், இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும். இதை விட்டால், விபத்து நடந்த பிறகு இழப்பீடு கேட்கும் நாளில்தான் தெரியும். உணவுப் பாதுகாப்புப் பதிவு, வேலையாட்களின் மருத்துவச் சான்று, நிறுத்தும் இடத்துக்கு மாநகராட்சி அனுமதி ஆகியவற்றை வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களிலேயே தொடங்கிவிடுங்கள்.

ஆர்சியில் மொத்த எடையும் காலி எடையும் இருக்கும். கழித்தால் வருவது உங்கள் கையிருப்பு. ஏஸில் அது ஏறக்குறைய 750 கிலோ. இப்போது செலவைப் போடுவோம். 40 மி.மீ. சதுரக் குழாய் (2 மி.மீ. கனம்) மீட்டருக்கு 2.4 கிலோ, 25 மி.மீ. குழாய் 1.4 கிலோ. மூலைகளுக்கு 40, இடைக்கால்களுக்கு 25 என்று கலந்து போட்டால் சட்டம் 90 கிலோ. வெளித்தகடு 1.5 மி.மீ. அலுமினியம் 70 கிலோ. (அதே பரப்புக்கு 1 மி.மீ. ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) போட்டால் 136.) அடுப்புப் பக்கம் 1 மி.மீ. எஸ்.எஸ். இரண்டு ஷீட் 47, வெப்பம் தடுக்கும் ராக்வூல் 20, தளத்துக்குப் பிளைவுட்டும் அலுமினியச் செக்கர் பிளேட்டும் 53. பாடி மட்டும் 280.

உள்ளே: கல், ஸ்டாண்டு, பர்னர் 80, இன்னொரு அடுப்பும் பாத்திரங்களும் 40, நிறைந்த 19 கிலோ சிலிண்டர் இரண்டு 75, தண்ணீர் 100 லிட்டர் தொட்டியோடு 110, கழிவுத் தொட்டி 10, பேட்டரியும் இன்வெர்டரும் 70, சின்ன ஃபிரிட்ஜ் 30, மாவு, கறி, எண்ணெய், இலை 80. கூட்டுங்கள்: 775. வண்டி எடுக்கும் முன்பே வரம்பு தாண்டிவிட்டது, கூட வரும் ஆளை இன்னும் சேர்க்கவில்லை. பழைய பக்கப் பலகைகளைக் கழற்றினால் கொஞ்சம் மீளும். மீதியை ஓட்டும்போது குறையுங்கள்: ஒரே சிலிண்டர், 60 லிட்டர் தண்ணீர், மிச்சத்தை இடத்தில் வந்து நிரப்பிக்கொள்ளலாம். காலியாக ஒருமுறை, பாடி முடிந்து ஒருமுறை, சாமானோடு ஒருமுறை எடை மேடையில் ஏற்றுங்கள். முன்சக்கரத்தை மட்டும் தனியாகவும் எடை போடுங்கள். கனமெல்லாம் பின் ஆக்சிலுக்குப் பின்னால் போனால் முன்பக்கம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும். நான்குவழிச் சாலையில் பஸ் கடக்கும் காற்றுக்கே வண்டி ஆடும்.

பாடி

விற்பனை ஜன்னல் வண்டியின் இடப்பக்கம் இருக்க வேண்டும். சாலையோரம் நிறுத்தும்போது அதுதான் நடைபாதைப் பக்கம். ஓட்டுநர் பக்கம் வைத்தால் தட்டோடு நிற்பவர் பஸ்ஸுக்கு முதுகைக் காட்டி நிற்பார். கல் இடப்பக்கம் வருவதால் சிலிண்டரும் பேட்டரியும் வலப்பக்கம் போகட்டும், எடை சமன்படும்.

ஏஸின் தளம் தரையிலிருந்து இரண்டடிக்கு மேல். உள்ளே வேலை மேடை இரண்டே முக்கால் அடி என்றால், வெளியே நிற்பவருக்கு அது ஐந்தடி உயரம். தட்டு வாங்கவே எம்ப வேண்டும். வெளியே மூன்றரை அடியில் மடக்குப் பலகை ஒன்று போடுங்கள். கதவைத் தூக்கி நிறுத்த கேஸ் ஸ்ட்ரட் போட்டாலும், கூடவே ஒரு முட்டுக்கம்பியும் வேண்டும். ஸ்ட்ரட் ஒருநாள் வலுவிழக்கும், கீழே யாருடைய தலையாவது இருக்கும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியின் நெகடிவைக் கழற்றுங்கள்; இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ள வண்டியில் அதன் கனெக்டரையும். சேஸில் துளை போடவோ பற்றவைக்கவோ விடாதீர்கள், யு போல்ட்டால் பிணைக்கச் சொல்லுங்கள். இரும்புச் சட்டத்தில் அலுமினியத் தகடு நேரடியாகப் பட்டால் ஈரத்தில் அரிக்கும். நடுவே பிரைமரும் டேப்பும் வேண்டும். தகட்டை ரிவெட் அடித்து பியூ (பாலியூரிதேன்) சீலன்ட் பூசுங்கள், ஸ்குரூ மட்டும் போட்டால் குலுங்கிக் குலுங்கிக் கழன்றுவிடும். அடுப்புச் சுவரில் ஏசிபி (நடுவே பிளாஸ்டிக் உள்ள அலுமினிய) ஷீட்டும் தெர்மாகோலும் கூடவே கூடாது, இரண்டும் எரியும். எஸ்.எஸ். வாங்கும்போது கடைக்காரர் காந்தம் வைத்துக் காட்டுவார். 202-உம் 304-உம் இரண்டுமே காந்தத்தில் ஒட்டாது, ஆகவே அந்தச் சோதனையால் பயனில்லை. எஸ்.எஸ். ரகத்தைக் காட்டும் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புளியும் உப்பும் படும் இடத்தில் 202 சீக்கிரம் கறுக்கும்.

கேஸ்

வீட்டுச் சிவப்புச் சிலிண்டரை வியாபாரத்துக்கு எடுப்பது சட்டப்படி குற்றம். நீலநிற 19 கிலோதான். அதற்குத் தனி அறை, வெளியிலிருந்து திறக்கும் கதவு, சமையல் பக்கம் ஒரு துளைகூட இல்லாத சுவர். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். ஆகவே அறையின் அடியில் காற்றுத் துளைகள் கட்டாயம். மேலே மட்டும் ஜாலி வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. சமையல் பகுதியின் தளத்திலும், அடுப்பிலிருந்து தள்ளி, ஒரு துளை விடுங்கள். சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும், மேலும் கீழும் இரண்டு பெல்ட். ஓட்டும்போது வால்வு மூடியிருக்க வேண்டும்.

குழாயை அரை மீட்டருக்கு ஒரு கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், சுவரைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். கடையில் இந்த இணைப்பு ஆண்டுக்கணக்கில் அசையாது. வண்டியில் ஒவ்வொரு வேகத்தடையும் அதைக் கொஞ்சம் தளர்த்தும். வாரம் ஒருமுறை எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி வந்தால் அன்று கடை கிடையாது. ஹை பிரஷர் பர்னருக்கு அதற்குரிய ரெகுலேட்டர் வேண்டும். வீட்டு ரெகுலேட்டரை மாட்டினால் கல் சூடேறாது, தோசை வெளிறிக் கிடக்கும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்றைக் கதவருகே வையுங்கள், அடுப்புக்கு மேல் வைத்தால் தீப்பிடிக்கும்போது கை எட்டாது. எண்ணெயில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. கேஸை மூடி, மூடியால் அமுக்க வேண்டும்.

தண்ணீர், கரண்ட்

பெரிய தொட்டியை விட 20 லிட்டர் கேன்கள் நல்லது. கழுவ எளிது, எடையைப் பிரித்து வைக்கலாம், பாதி நிறைந்த தொட்டியின் ஆட்டமும் இல்லை. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பாத்திரம் கழுவ மட்டும். கைகழுவத் தனித் தொட்டி. கழிவுத் தொட்டி நல்ல தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு பெரியதாக இருக்கட்டும், அதற்கு முன் ஒரு எண்ணெய்ப் பிடிப்பான்.

விளக்கு 40 வாட், எக்ஸாஸ்ட் இரண்டும் 120, ஃபிரிட்ஜ் சராசரி 60. ஐந்து மணி நேரத்துக்கு 1,100 வாட் அவர், இன்வெர்டர் இழப்போடு 1,300. 150 ஆம்பியர் அவர் பேட்டரி 1,800 கொடுக்கும், அதில் எழுபது சதத்துக்கு மேல் உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும். அதாவது 1,260: மயிரிழையில் பற்றவில்லை. ஃபிரிட்ஜை வீட்டிலேயே குளிர வைத்துப் பொருளோடு கிளம்பினால் சமாளிக்கலாம். மிக்ஸி, கிரைண்டர் வேலையெல்லாம் வீட்டில். வண்டியின் சொந்த பேட்டரியில் எதையும் மாட்டாதீர்கள், ராத்திரி ஒரு மணிக்குத் தள்ள ஆள் கிடைக்காது.

திறப்பதற்கு முன் மூன்று நாள் முழுச் சாமானோடு ஓட்டிப் பாருங்கள். நிறுத்தும் இடத்தில் நான்கு மூலையும் ஜாக்கி கொடுத்து, கல் மேல் ரசமட்டம் வையுங்கள். மட்டம் இல்லையென்றால் எண்ணெய் ஒரு மூலையில் தேங்கி, மறுபக்கம் தோசை பிடிக்கும். முதல் 500 கிலோமீட்டரில் யு போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள்; புதுப் பாடி அதற்குள் உட்கார்ந்து, நட்டுகள் எல்லாம் அரைச் சுற்றாவது தளர்ந்திருக்கும்.