டார்ச் பற்ற வைப்பதற்கு முன்னால்

ஏப்ரல் 15-ல் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடை தொடங்கியதும் எனக்குச் சின்னமுட்டத்தில் வேலை. அது ஜூன் 14-ல் முடியும். அதற்குள் ஜூன் 1-ல் மேற்குக் கரைக்குத் தடை வந்துவிடும், ஜூலை 31 வரை. அந்த நாட்களில் முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று மழையோடு மழையாக ஓடுவேன். கன்னியாகுமரி என்ற ஒரே மாவட்டத்துக்கு இரண்டு தடைக்காலம். விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச்சின் அடித்தளம் அறுப்பது, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுப்பது, சுக்கான் தண்டில் இறுகிப்போன நட்டைச் சூடாக்கிக் கழற்றுவது எல்லாமே ஆக்சிஜனையும் அசிட்டிலீனையும் கலந்து எரிக்கும் கேஸ் டார்ச் வேலைதான். முப்பது வருடமாகச் செய்கிறேன்.

என்னிடம் தொழில் பழகிய இரண்டு பையன்கள் இந்த வருடம் சொந்தமாக டார்ச் செட் வாங்கியிருக்கிறார்கள். வெட்டுவதில் இருவருக்கும் நல்ல கை. ஆனால் செட் மாட்டுகிற வேலையை அரக்கப்பரக்க முடித்துவிட்டுத் தீயைப் பார்க்கத் துடிக்கிறார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன். நாகர்கோவில் கோணம் ஐ.டி.ஐ. போன்ற இடத்தில் முறையாகப் படிக்க முடிந்தால் படியுங்கள். இதை வாசித்துவிட்டுத் தனியாக முதல் தீ வைக்க வேண்டாம், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.

சிலிண்டரிலிருந்து ஆரம்பிக்கலாம். கறுப்பு ஆக்சிஜன், மெரூன் நிறம் அசிட்டிலீன். அசிட்டிலீனை நம் ஆட்கள் டி.ஏ. என்பார்கள். நிரம்பிய ஆக்சிஜன் சிலிண்டருக்குள் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ அழுத்தம் இருக்கும். அது கீழே விழுந்து வால்வு முறிந்தால் உருளை ராக்கெட் மாதிரி சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். அதனால் தூக்கும்போதும் வண்டியில் ஏற்றும்போதும் வால்வு மூடி தலையில் இருக்க வேண்டும். நிறுத்திய இடத்தில் சங்கிலி போட வேண்டும். கயிறு போதாது, பொறி பட்டால் அறுந்துவிடும்.

டி.ஏ. சிலிண்டர் உள்ளே வெறும் கூடு கிடையாது. நுண்துளைப் பொருள் நிறைத்து, அதில் அசிட்டோன் ஊற்றி, அந்த அசிட்டோனில்தான் வாயுவைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். படுக்கப் போட்டு வால்வைத் திறந்தால் வாயுவோடு அசிட்டோனும் சேர்ந்து வரும், வாயு போகும் ரப்பர் குழாயான ஓஸும், அழுத்தத்தைக் குறைத்து விடும் ரெகுலேட்டரும் கெட்டுப்போகும். லோடு ஆட்டோவில் படுத்துக்கொண்டு வந்த சிலிண்டரை என் ஆசான் ஓர் இரவு முழுக்க நிமிர்த்தி வைத்த பிறகுதான் தொடுவார். நானும் அப்படியே. வேலை கொடுத்தவர் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இதில் நான் இறங்கி வருவதில்லை.

இனி ரெகுலேட்டர். மாட்டுவதற்கு முன்னால் சிலிண்டர் வாய் யார் பக்கமும் பார்க்காதபடி திருப்பி, வால்வை ஒரு நொடி லேசாகத் திறந்து மூடுங்கள். வாயில் இருக்கும் தூசியும் மணலும் பறந்துவிடும். நம் கடற்கரையில் மணல் இல்லாத வாய் ஏது? பக்கத்தில் தீயோ பீடியோ இருக்கக் கூடாது. ஆக்சிஜன் பக்கத்து நட்டுகள் வழக்கம்போல் வலப்பக்கம் சுற்றி இறுகும். அசிட்டிலீன் பக்கத்து நட்டுகள் இடப்பக்கம். அந்த நட்டின் முனைகளில் சிறு வெட்டு இருக்கும், இருட்டிலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கலாம். மாற்றி மாட்டிவிடக் கூடாது என்றுதான் இந்த ஏற்பாடு. ஆகவே ஒரு நட்டு ஏறவில்லை என்றால் பலம் கொடுக்காதீர்கள், நிறுத்திப் பாருங்கள்.

எண்ணெய் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் எல்லாமே தேங்காய் எண்ணெய். தலையில் எண்ணெய், கையில் எண்ணெய், தின்கிற நேந்திரங்காய் சிப்ஸிலும் எண்ணெய். தொழிலுக்கு வந்த முதல் மாதம் சிப்ஸ் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு அதே கையோடு ஆக்சிஜன் ரெகுலேட்டரை எடுத்தேன். ஆசான் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திவிட்டார். “மக்களே, ஆக்சிஜன்ல எண்ணெ பட்டா தீப்பெட்டி வேண்டாம், அதுவே பத்திக்கிடும். போய் சோப்பு போட்டு கைய களுவிட்டு வா” என்றார். அவர் சொன்னது அப்படியே உண்மை. அழுத்தமான ஆக்சிஜன் எண்ணெயையோ கிரீஸையோ தொட்டால் பொறி இல்லாமலே எரியலாம், வெடிக்கலாம். உப்புக்காற்றில் ரெகுலேட்டர் திருகு விறைத்துப்போகும்போது ஒரு சொட்டு எண்ணெய் விடக் கை துறுதுறுக்கும். விடவே கூடாது. கடையில் கொடுத்துச் சரிசெய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். நான் வேலை முடிந்ததும் ரெகுலேட்டர்களைச் சுத்தமான உலர்ந்த துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து வீட்டுக்கே கொண்டு வந்துவிடுகிறேன். படகுத் தளத்தில் விட்டால் ஒரே பருவத்தில் துருவேறிவிடும்.

ஓஸில் சிவப்பு அசிட்டிலீனுக்கு, நீலம் ஆக்சிஜனுக்கு. ஓஸ் கிழிந்தால் பழைய பிரிட்ஜ் செம்புக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி கிளிப் போடுகிற பழக்கம் இங்கே உண்டு. அசிட்டிலீன் பக்கம் அதைச் செய்யவே செய்யாதீர்கள். செம்பும் அசிட்டிலீனும் சேர்ந்து உள்ளே ஒரு படிவு உண்டாகும், லேசாகத் தட்டினாலே அது வெடிக்கும். கிழிந்த ஓஸை மாற்றுவதுதான் வழி. அப்புறம் பிளாஷ்பேக் அரெஸ்டர். இரண்டு ரெகுலேட்டரிலும் ஒவ்வொன்று கட்டாயம் வேண்டும். திரும்பி வரும் தீயைச் சிலிண்டருக்குப் போகாமல் தடுப்பது அதுதான். டார்ச் பக்கம் வாயு திரும்பி வராமல் தடுக்கும் திரும்பா வால்வும் போடுங்கள். செட் வாங்கும்போது பணம் குறைகிறது என்றால் டார்ச்சை மலிவாக வாங்குங்கள், அரெஸ்டரை விட்டுவிடாதீர்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று, சரி. சிலிண்டர் வால்வைத் திறக்கும் முன் இரண்டு ரெகுலேட்டர் திருகும் முழுக்கத் தளர்ந்து லொடலொட என்று இருக்கிறதா பாருங்கள். திருகு இறுகியிருக்கும்போது வால்வைத் திறந்தால் அழுத்தம் ஒரே அடியாக ரெகுலேட்டருக்குள் இறங்கி, மீட்டர் கண்ணாடி தெறிக்கலாம். அதனால் மீட்டருக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். ஆக்சிஜனை முதலில் மெதுவாகத் திறந்து, பிறகு கடைசி வரை திறந்துவிடுங்கள். அசிட்டிலீனை ஒரு சுற்று, மிஞ்சிப்போனால் ஒன்றரைச் சுற்று மட்டும். திறந்த சாவி வால்விலேயே இருக்கட்டும். ஆபத்தில் சாவியைத் தேடி ஓட நேரம் இருக்காது.

10, 12 மில்லிமீட்டர் தகடு வெட்ட டார்ச் முனையில் 3/64 அங்குல நாசில் போட்டு, ஆக்சிஜன் 2 கிலோவுக்குச் சற்று மேலே, அசிட்டிலீன் 0.2 கிலோ வைப்பேன். உங்கள் நாசிலுக்கு அதைச் செய்தவர் கொடுத்த அட்டவணை இருந்தால் அதன்படி வையுங்கள். அசிட்டிலீன் 1 கிலோவை ஒருபோதும் தாண்டக் கூடாது. அதற்கு மேல் அழுத்தினால் காற்றோ ஆக்சிஜனோ இல்லாமலே அந்த வாயு தானாகச் சிதைந்து வெடிக்கும் குணம் உடையது. தீ சோர்வாக இருக்கிறதே என்று திருகை முறுக்குகிற பையன்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நாசிலில் அடைப்பு இருக்கும், அல்லது சிலிண்டர் தீரப்போகிறது. அதைத்தான் பார்க்க வேண்டும்.

கசிவுக்கு எண்ணெய்ப் பசை இல்லாத சோப்புக் கரைசலைப் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள். குமிழி வந்தால் மூடிவிட்டு இறுக்குங்கள். தீக்குச்சி காட்டிப் பார்ப்பவர்களை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதை நினைத்தும் பார்க்க வேண்டாம். அசிட்டிலீன் பூண்டு மாதிரி நாறும், மூக்கு காட்டிக் கொடுத்துவிடும். ஆக்சிஜன் கசிந்தால் எந்த வாசனையும் இல்லை.

அந்த வாசனை இல்லாமைதான் என் வலது கையில் தழும்பாக இருக்கிறது. ஒரு ஜூன் மாதம், இரும்புப் படகின் மீன் அறைக்குள் வேலை. டீ குடிக்க மேலே வந்தபோது டார்ச்சை உள்ளேயே போட்டுவிட்டு வந்தேன். டார்ச்சில் ஆக்சிஜனைத் திறந்து மூடும் குமிழ் முழுக்க மூடவில்லை. கால் மணி நேரம் கழித்து இறங்கிப் பற்ற வைத்தேன். ஒரு பொறி சட்டைக் கையில் விழுந்தது. சாதாரணமாக ஒரு கறுப்புப் புள்ளி விட்டு அணைந்திருக்க வேண்டிய பொறி அது. பெட்ரோலில் நனைத்த துணி மாதிரி கை முழுக்க ஓடி எரிந்தது. மேலே நின்றவர் ஐஸ் தண்ணீர் வாளியோடு இருந்ததால் கை தப்பியது. காற்றில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடினாலே துணி, மயிர், கயிறு எல்லாம் அப்படித்தான் எரியும். அன்றிலிருந்து மூடிய இடத்தில் வேலை நிறுத்தினால், இரண்டு நிமிடத்துக்கானாலும், டார்ச்சும் ஓஸும் என்னோடு மேலே வரும். சிலிண்டரை உள்ளே இறக்குவதே இல்லை. உள்ளே காற்று ஓட பிளோயர், மேலே ஓர் ஆள் எப்போதும். உடம்பில் தூசி தட்ட ஆக்சிஜன் அடிப்பதையும், புழுக்கத்துக்கு உள்ளே ஆக்சிஜன் விடுவதையும் அடியோடு நிறுத்துங்கள். மீன் அறைச் சுவரில் இருக்கும் தெர்மோகோலையும் நுரையையும் வெட்டும் இடத்திலிருந்து நன்றாகத் தள்ளிப் பெயர்த்து எடுத்த பிறகே தகட்டில் தீ வைக்க வேண்டும். அது எரிந்தால் வரும் புகையே ஆளை விழுத்தாட்டும்.

டீசல் டாங்கிக்கு வருகிறேன். “காலி டாங்கிதான் அண்ணே, ஒரு ஓட்டை போட்டுத் தாங்க” என்று கேட்பார்கள். காலி டாங்கிதான் பயங்கரம். சுவரில் ஒட்டிய டீசல் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கும் காற்றோடு கலந்து குண்டாகிவிடும். வெயிலில் காய்ந்த டாங்கி, தண்ணீர் விட்டு அலசிய டாங்கி என்று சொன்னாலும் நான் தொடமாட்டேன். முறையாக நீராவியில் கழுவி, வாயு இல்லை என்று கருவி வைத்து அளந்து காட்டினால் மட்டுமே அந்த வேலை. பழைய எண்ணெய் பேரலுக்கும் இதேதான்.

உடுப்பு: பருத்திச் சட்டை, பருத்திப் பேன்ட், தோல் ஷூ. லுங்கியும் ரப்பர் செருப்பும் போட்டு வெட்டுகிறவர்களின் கால்களைப் பாருங்கள், புள்ளி புள்ளியாக இருக்கும். நைலான் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி 5-ம் எண் ஷேடு. வெறும் கூலிங் கிளாஸ் கண்ணைக் காக்காது. ஜிங்க் பூசிய ஜி.ஐ. குழாயைச் சூடாக்கினால் வெள்ளைப் புகை வரும், அன்று இரவு குளிர்காய்ச்சல் மாதிரி நடுக்கம் வரும். பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்று வரும் பக்கம் நின்று செய்யுங்கள்.

ஆடி மாதக் காற்று பொறியை முப்பது அடிக்கு மேலும் கொண்டுபோகும். துறைமுகத்தில் அந்த முப்பது அடிக்குள் நைலான் வலை, பைபர் வள்ளம், மண்ணெண்ணெய் கேன் எல்லாம் இருக்கும். நகர்த்துங்கள். நகர்த்த முடியாததை ஈரச் சாக்கால் மூடுங்கள். சிமெண்ட் தரைக்கு மேலே நேரடியாக வெட்டாதீர்கள், சூட்டில் தரை வெடித்து முகத்தில் தெறிக்கும்.

இப்போது பற்ற வைக்கலாம். திறந்த வெளியில் ஒவ்வொரு குமிழையும் தனித்தனியாகச் சில நொடி திறந்து மூடி, ஓஸில் இருக்கும் கலவையை வெளியேற்றுங்கள். பிறகு அசிட்டிலீனை மட்டும் கொஞ்சம் திறந்து ஸ்பார்க் லைட்டரால் பற்ற வையுங்கள். சிகரெட் லைட்டர் கையிலேயே வெடிக்கும், அது சட்டைப் பையிலும் இருக்கக் கூடாது. கரி பறக்கும் மஞ்சள் தீ வரும். கரி நிற்கும் வரை அசிட்டிலீனைக் கூட்டுங்கள். அப்புறம் ஆக்சிஜனை மெல்லத் திறந்தால் நடுவில் வெள்ளை இறகு மாதிரி ஒன்று நீண்டு தெரியும். அந்த இறகு சுருங்கி, உள்ளே இருக்கும் கூம்போடு ஒன்றாகிற இடத்தில் நிறுத்துங்கள். அதுதான் சமத் தீ, மூவாயிரம் டிகிரிக்கு மேல். கூம்பு குறுகி, சீறினால் ஆக்சிஜன் கூடிவிட்டது என்று அர்த்தம்.

வெட்டும்போது “டப்” என்று ஒரு சத்தத்தோடு தீ அணைந்தால் நாசில் தகட்டைத் தொட்டிருக்கும், அல்லது சூடேறியிருக்கும், அல்லது அழுத்தம் குறைந்திருக்கும். இரண்டு குமிழையும் மூடி, ஆறவிட்டு, காரணம் பார்த்துவிட்டுத் தொடருங்கள். ஆனால் டார்ச்சுக்குள்ளே விசில் மாதிரி தொடர்ந்து சத்தம் கேட்டால் தீ உள்ளே போய்விட்டது. உடனே ஆக்சிஜன் குமிழ், அடுத்து அசிட்டிலீன் குமிழ், அடுத்து இரண்டு சிலிண்டர் வால்வும். டி.ஏ. சிலிண்டர் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் உள்ளே சிதைவு தொடங்கியிருக்கலாம். எல்லோரையும் விலக்கிவிட்டு 101-ஐ அழையுங்கள். தூரத்தில் மறைவாக நின்று தண்ணீர் பீய்ச்சலாம், பக்கத்தில் போகக் கூடாது, நகர்த்தவும் கூடாது.

வேலை முடிந்து அணைக்கும்போது நான் அசிட்டிலீனை முதலில் மூடுவேன், பிறகு ஆக்சிஜன். ஆக்சிஜனை முதலில் மூடச் சொல்லும் டார்ச்சும் உண்டு, அதன் கையேட்டைப் பாருங்கள். அதன் பின் சிலிண்டர் வால்வுகளை மூடி, ஒவ்வொரு ஓஸாகக் காலி செய்து, மீட்டர் முள் பூஜ்யத்துக்கு வந்ததும் ரெகுலேட்டர் திருகைத் தளர்த்தி விடுகிறேன். சாமான்களை ஏற்றிய பிறகும் வண்டியைக் கிளப்புவதில்லை. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்து, வெட்டிய இடத்தையும் அதன் மறுபக்கத்தையும் பலகை இடுக்குகளையும் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்த்து, எங்கும் வெப்பம் இல்லை என்று தெரிந்த பிறகு சாக்குகளை இன்னொரு தடவை நனைத்துவிட்டுக் கிளம்புவேன்.