செயின்சா கயிறு இழுக்க வராவிட்டால்

மரம் அறுக்கும் செயின்சாவை ஸ்டார்ட் செய்யும் கயிறு பாறை மாதிரி நிற்கிறதென்றால் இன்னும் பலமாக இழுக்காதீர்கள். நான் அப்படி இழுத்துத்தான் ஒரு மாதம் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியாமல் இருந்தேன். எங்கே பிடிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு பிளக் ஸ்பேனர் போதும்.

சுவிட்சை ஆஃப் செய்துவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். அதன் வயரைத் துளையிலிருந்து தள்ளி ஒதுக்கி வைத்து, கயிற்றை மெதுவாக இழுங்கள். இப்போது லேசாக வருகிறதா? அப்படியானால் எஞ்சின் இறுகவில்லை. பிளக்கின் நுனியைப் பாருங்கள். பெட்ரோலில் நனைந்து பளபளவென்று இருந்தால், சோக் போட்டபடியே பல தடவை இழுத்திருக்கிறீர்கள். காற்று அமுங்கும், பெட்ரோல் அமுங்காது. அதனால்தான் பிஸ்டன் மேலே ஏற முடியாமல் முட்டி நிற்கிறது. துளை கீழே பார்க்கும்படி மிஷினைக் கவிழ்த்து ஐந்தாறு தடவை இழுங்கள், பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வெளியே வரும். பக்கத்தில் நெருப்பு வேண்டாம், முகத்தையும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பிளக்கைத் துடைத்து மாட்டி, மிஷினை வேறு இடத்துக்கு எடுத்துப்போய் சோக் இல்லாமல் ஸ்டார்ட் செய்யுங்கள்.

பிளக் காய்ந்திருந்தால் அது வெறும் கம்ப்ரஷன்தான், அதாவது சிலிண்டருக்குள் அமுங்கும் காற்றின் எதிர்ப்பு. பெரிய மிஷின்கள் பலவற்றில் சிலிண்டர் பக்கத்தில் அந்த அழுத்தத்தைக் குறைக்கச் சின்னதாக ஒரு டீகம்ப்ரஷன் பட்டன் இருக்கும். அதை அழுத்திவிட்டு இழுங்கள். எஞ்சின் ஒரு தடவை வெடித்ததும் பட்டன் தானாக வெளியே வந்துவிடும், அடுத்த இழுப்புக்கு மறுபடி அழுத்த வேண்டும்.

இழுக்கும் விதமும் முக்கியம். மிஷினைத் தரையில் வைத்து, செயினை ஓடவிடாமல் நிறுத்தும் செயின் பிரேக்கைப் போட்டு, வலது கால் நுனியைப் பின் கைப்பிடிக்குள் விட்டு மிதியுங்கள். இடது கை முன் கைப்பிடியில் இருக்கட்டும். கயிறு பிடிக்கும் இடம் வரை மெதுவாக இழுத்து, அங்கிருந்து வெடுக்கென்று ஒரே இழுப்பு. கயிற்றைக் கடைசி வரை உருவாதீர்கள், திரும்பும்போது கையை விட்டுவிடவும் கூடாது. மிஷினைக் கையில் தொங்கவிட்டபடி ஸ்டார்ட் செய்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். ஓடத் தொடங்கும் செயினுக்கு எதிரே இருப்பது அவர்கள் தொடை.

சரி, பிளக் இல்லாமலும் கயிறு வரவில்லையா? ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றி, அதன் கயிற்றைத் தனியாக இழுத்துப் பாருங்கள். அங்கேயே இறுகினால் மரத்தூளோ, பிசிறடித்த கயிறோ, உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங்கோ காரணம். அந்தச் சுருள் ஸ்ப்ரிங் கண்ணை நோக்கிப் பாயக்கூடியது, கண்ணாடி போடாமல் பிரிக்காதீர்கள்.

ஸ்டார்ட்டர் நன்றாக இருந்தால், மூடிக்குப் பின்னால் தெரியும் ஃப்ளைவீல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். நகரவில்லையென்றால் செயின் பிரேக்கை எடுத்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். இப்போது சுற்றினால், எஞ்சினைச் செயினோடு இணைக்கும் கிளட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிளட்ச் சரியாக இருந்தால் பிரேக் போட்டிருந்தாலும் கயிறு இறுகாது.

அப்போதும் அசையாவிட்டால் சைலன்சரைக் கழற்றி, அந்தத் துளை வழியே டார்ச் அடித்துப் பிஸ்டனைப் பாருங்கள். இரவல் போய்த் திரும்பி வந்த என் மிஷினில் பிஸ்டன் முழுக்க மேலிருந்து கீழாகக் கீறல்கள், நகத்தால் தடவினால் தட்டுப்பட்டன. ஆயில் கலக்காத பெட்ரோலை ஊற்றியிருக்கிறார்கள். ஐம்பதுக்கு ஒன்று என்று கையேட்டில் போட்டிருந்தால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி டூ ஸ்ட்ரோக் ஆயில். அந்தக் கீறலைப் பார்த்துவிட்டால் கயிற்றை மறுபடி தொடாதீர்கள், மிஷினை மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.