தண்ணீர் பாய்ச்சுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு ஏக்கர் வயலில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்க ஏறக்குறைய 40,000 லிட்டர் வேண்டும். ஐந்து சென்டிமீட்டருக்கு இரண்டு லட்சம் லிட்டர். வரப்பில் நின்று பார்க்கிறபோது இரண்டு விரற்கடை கூடினாலும் குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த இரண்டு விரற்கடைக்குள் பத்து டேங்கர் லாரித் தண்ணீர் அடங்கிவிடும். பாசனத்தில் நடக்கிற தவறுகளில் பெரும்பாலானவை இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல்தான் நடக்கின்றன.

முதலாவது, நடவு முதல் அறுவடை வரை நெல் வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை. தண்ணீர் நின்றாலும் தாங்கிக்கொள்ளும் பயிர் நெல், அவ்வளவுதான். தேங்கிய நீர் களையை அடக்கும் என்பது உண்மை. அதனால் நட்ட முதல் பத்துப் பதினைந்து நாள் மெல்லியதாகத் தண்ணீர் கட்டுவது நியாயம். அதற்குப் பிறகும் வயல் எந்நேரமும் மூழ்கியே கிடந்தால் வேருக்குக் காற்று கிடைக்காது, வேர் கறுக்கும், தூர் குறையும். வயலைக் காயவிட்டு மறுபடி பாய்ச்சும், வேளாண் துறையினர் வருடக்கணக்கில் சொல்லிவரும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை இதற்காகத்தான்.

எப்போது காய்ந்தது, எப்போது பாய்ச்சுவது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பரப்பிய எளிய வழி இது. ஓரடி நீளக் குழாயில் கீழ்ப் பாதி முழுக்கத் துளை போட்டு, துளையுள்ள பகுதி மண்ணுக்குள் இருக்கும்படி வயலில் இறக்கி, உள்ளே இருக்கும் மண்ணை அள்ளிவிட வேண்டும். மேலே தண்ணீர் வற்றிய பிறகும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் நீர்மட்டம் தெரியும். அது மண்ணின் மேற்பரப்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே இறங்கும் வரை பயிருக்குக் குறை இல்லை. இறங்கியதும் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாய்ச்சினால் போதும். குழாயை வரப்போரத்தில் நடாமல், வயலின் சராசரி மட்டத்தில், எட்டிப் பார்க்கத் தோதான இடத்தில் நடுங்கள்.

இதிலும் இரண்டு எச்சரிக்கை உண்டு. களிமண் வயலைக் காயவிடுகிறேன் என்று கை நுழையும் அளவுக்கு வெடிக்க விட்டால், அடுத்து பாய்ச்சும் தண்ணீர் வெடிப்பு வழியே நேராகக் கீழே போய்விடும்; மிச்சப்படுத்தியதைவிட இழந்தது அதிகமாகும். மயிரிழை வெடிப்போடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இன்னொன்று, டெல்டாவில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், அடுத்த முறை எப்போது வரும் என்று தெரியாத கடைமடை விவசாயி வந்த தண்ணீரைக் கட்டி வைப்பதைத் தவறு என்று சொல்ல முடியாது. காய்ச்சலும் பாய்ச்சலும் முழுப் பலன் தருவது, வேண்டும்போது தண்ணீர் கிடைக்கும் இடத்தில்தான்.

சிக்கனம் பிடிக்கக் கூடாத பருவம் ஒன்று இருக்கிறது. கதிர் வெளிவராமல் இலையுறைக்குள் பொதிந்திருக்கும் தொண்டைக்கதிர் பருவத்திலிருந்து பூத்து முடியும் வரை நெல்லை வாடவிடவே கூடாது. அதுவரை பார்த்துப் பார்த்து வளர்த்த பயிர் அந்தச் சில நாள் வறட்சியில் பதராகிப் போகும். அப்போது பயிரை வாடவிட்டவரே அறுவடைக்கு முந்தின வாரம்கூட வயலில் தண்ணீர் கட்டுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். பத்துப் பதினைந்து நாளுக்கு முன்பே வடித்துவிட்டால் கதிர் ஒரே சீராக முதிரும், அறுவடை இயந்திரமும் சேற்றில் சிக்காது.

கிணற்றுப் பாசனத்தில் தவறு வேறு விதம். மும்முனை மின்சாரம் வந்ததும் தானாக ஓடும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். மின்சாரம் எத்தனை மணி நேரம் இருந்ததோ அத்தனை மணி நேரம் பாசனம். மண்ணைக் கேட்பதே இல்லை. தோட்டப் பயிராக இருந்தால் ஒரு சாண் ஆழத்தில் மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் ஈரம் இருக்கிறது. பொலபொலவென்று உதிர்ந்தால் பாய்ச்ச வேண்டும். மணற்பாங்கான நிலத்தில் உருண்டை அவ்வளவு இறுகாது, அங்கே கை பழக வேண்டும். மேல்மண் வெளுத்திருக்கிறதே என்று பாய்ச்சுவதுதான் தப்பு.

தென்னைக்கு மரத்தின் தூரிலேயே தண்ணீர் விடுவது இன்னும் பல தோப்புகளில் நடக்கிறது. தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி ஏறக்குறைய ஆறடி தூரத்துக்குள் பரவி இருக்கும். சொட்டுநீர் போடும்போது ஒரே சொட்டுவானை அடிமரத்தில் வைக்காமல், மூன்றடி தள்ளி நான்கு பக்கமும் வைத்தால் வேர் உள்ள இடத்துக்கு ஈரம் போகும்.

சொட்டுநீர் என்றதும் இதைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம் மானியம் இருக்கிறது. ஆனால் பொருத்திக் கொடுத்த நாளோடு சரி, வடிகட்டியைத் திறந்தே பார்க்காதவர்கள் நிறைய. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தமானிகளில் வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு அரை கிலோவைத் தாண்டினால் கழுவ வேண்டும். பக்கவாட்டுக் குழாய்களின் கடைசி மூடியை அவ்வப்போது திறந்து, கலங்கல் போய்த் தெளிந்த தண்ணீர் வரும் வரை ஓடவிட வேண்டும். உரத்தை விட்ட பிறகு மணிக்கணக்கில் மோட்டாரை ஓடவிட்டால் யூரியா வேருக்குக் கீழே இறங்கிவிடும். உரம் முடிந்ததும் குழாய் கழுவும் அளவுக்குச் சிறிது நேரம் வெறும் தண்ணீர் ஓடினால் போதும்.

கடைசியாக, தண்ணீரைப் பரிசோதிக்காமல் பாய்ச்சுவது. மண் பரிசோதனைக்குப் போகிறவர்கள்கூட ஒரு பாட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோவதில்லை. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் அளவுகோல்படி உப்பைக் காட்டும் ஈ.சி. (மின்கடத்துத்திறன்) மீட்டருக்கு 0.7 டெசிசீமென்ஸுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 3-ஐத் தாண்டினால் அந்தத் தண்ணீரைப் பயன்படுத்தக் கடுமையான கட்டுப்பாடு வேண்டும். இடைப்பட்ட தண்ணீரைச் சொட்டுநீரில் விடும்போது, உப்பு ஈர வட்டத்தின் விளிம்பில் போய்ப் படியும். வெள்ளை வளையமாக அது கண்ணிலேயே தெரியும். கோடையில் சிறு தூறல் போட்டால் மழைதான் வந்துவிட்டதே என்று மோட்டாரை நிறுத்துகிறோம். அந்தத் தூறல் விளிம்பில் இருக்கும் உப்பைக் கரைத்து வேருக்கே கொண்டுவந்து சேர்க்கும். நல்ல மழை பெய்து உப்பு கீழே இறங்கும் வரை, உப்புத் தண்ணீர்த் தோட்டங்களில் தூறலின்போதும் சொட்டுநீரை ஓடவிடுங்கள்.