நத்தைகுத்தி நாரை நம்ம வயலுக்கு வரணும்னா

திருவாரூர் மாவட்டத்து வடுவூர் ஏரியப் பாத்துட்டு வர்றவங்க பாதிப்பேரு கேக்குறது இதுதான், அதான் சரணாலயம் ஆயிடுச்சே, 2022ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சர் பட்டியல்லயும் சேத்தாச்சே, இனிமே பறவைக்கு என்ன கொறச்சல்னு. ஏரி நத்தைகுத்திக்கு ராத்தங்குற எடம்ங்க. விடிஞ்சதும் எரை தேடி வர்றது நம்ம வயலுக்குத்தான், அங்க காவலுக்கு வனத்துறை ஆளும் கெடையாது போர்டும் கெடையாது.

கென்யாவுல விக்டோரியா ஏரிக்குப் பக்கத்துல புன்யாலான்னு ஒரு ஊரு, அங்கயும் நெல்லு வயல்தான். நம்ம நத்தைகுத்தியோட பங்காளி அங்க இருக்கு, ஒடம்பு கறுப்பு, அலகுக்கு நடுவுல இடுக்கு மட்டும் அச்சா நம்மளதே. நத்தைக்குள்ள ஃப்யூரடான்ங்குற பூச்சிமருந்துக் குருணைய வச்சு வயல்ல போட்டுட்டு, பிடிச்ச நாரைய உயிரோட கட்டி வச்சு மத்ததுகள எறக்கி, செத்தத கறிக்கு வித்திருக்காங்க. சிங்கமும் யானையும் நிக்கிற பூங்காவுக்கெல்லாம் காவல் உண்டு, நெல்லு வயலுக்கு யாரு? இதப் படிச்சப்ப எனக்கு அதிர்ச்சியா இல்ல, ஏன்னா வாய்க்கா கரையில ஒருநாள் நானே பாத்தேன், ஒரு மடையான் கொக்கோட இமை ரெண்டையும் கறுப்பு நூலால சேத்துத் தச்சு குச்சியில கட்டியிருந்தாங்க, அது பாட்டுக்கு தலைய இப்படியும் அப்படியும் ஆட்டிக்கிட்டே நிக்குது, சுத்தி கண்ணி.

சரி, வேலைக்கு வருவோம்.

மொதல்ல உங்க வயலுக்கு நத்தைகுத்தி வருதான்னு பாருங்க. வரப்புல காலி நத்தைக்கூடு கெடக்கும், எடுத்துத் திருப்பிப் பாத்தா ஓடு முழுசா இருக்கும் உள்ள சதை மட்டும் இருக்காது. கீழ் அலகு நுனிய உள்ள விட்டு சதைய அறுத்து உருவிடும், ஆஸ்பத்திரியில கூட அவ்வளவு நேக்கா பண்ணமாட்டாங்க. (அலகுல இடுக்கு இல்லாத நாரையப் பாத்தா வேற ஜாதின்னு நெனச்சிடாதீங்க, குஞ்சுக்கு இடுக்கு இருக்காது, வளர வளரத்தான் வரும்.)

அடுத்து மருந்து. குருணை போட்டே ஆகணுமான்னு ஒருதரம் யோசிங்க, பூச்சிய எண்ணிப் பாக்காம பக்கத்து வயல்காரர் போட்டாருன்னு நாமளும் போடுறதுதான் இங்க அதிகம். அதுக்குப் பதிலா நட்ட வயல்ல பறவைத் தாங்கி வைங்க, டி மாதிரி ரெண்டு குச்சியக் கட்டி ஏக்கருக்கு 15லேருந்து 20 வரைக்கும் நட்டா போதும், பயிருக்கு மேல ஒரு அடி ஒசரம் நிக்கணும். கரிச்சான் வந்து ஒக்காந்து புழுவப் பொறுக்கும். கதிர் பால் பிடிக்கிறப்ப எல்லாத்தையும் பிடுங்கிடுங்க, இல்லன்னா கதிர் தின்ன வர்ற குருவிக்கு நாமளே பந்தி போட்ட மாதிரி ஆயிடும்.

ஒரே எடத்துல நாலஞ்சு பறவை செத்துக் கெடந்தா வெறுங்கையால தொடாதீங்க, நாயும் புள்ளைங்களும் கிட்ட போகாம பாத்துக்கிட்டு போட்டோ எடுத்து வனத்துறைக்குச் சொல்லுங்க. கண்ணி வச்சிருக்குறதப் பாத்தாலும் அதேதான், சண்டைக்குப் போக வேணாம், எடத்தையும் நேரத்தையும் சொன்னா போதும். கொக்கு மடையான் பிடிக்கிறது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், ரோட்டோரத்துல வாங்கித் திங்கிறவருக்கும் இதச் சொல்லி வைங்க. நான் போன் பண்ணப்ப ரெண்டு மணிநேரம் கழிச்சுத்தான் ஆள் வந்தாங்க, அதுக்குள்ள குச்சி மட்டும்தான் இருந்துச்சு, அதுக்காக சொல்லாம விட்டுட முடியுமா?

கணக்கெடுக்குறதும் நம்ம வேலதான். ஜனவரியில, பொங்கல் லீவுல, பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும், அதே மாசம் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் உண்டு, அது 1987ல ஆரம்பிச்சது, ஆப்பிரிக்காவுலயும் இதே மாதிரி ஜனவரியில எண்ணுறாங்க. காலைல ஆறுலேருந்து எட்டுக்குள்ள, வெயில் முதுகுக்குப் பின்னால இருக்குற மாதிரி நில்லுங்க. கூட்டமா இருந்தா 10 பறவைய ஒழுங்கா எண்ணி, அந்த 10 எவ்வளவு எடம் பிடிக்குதுன்னு கண்ணுல வச்சுக்கிட்டு அந்த அளவாலயே இடமிருந்து வலமா அளந்துட்டே போங்க. பேரு தெரியலன்னா கொக்குன்னு அடிச்சு விடாதீங்க, பெரிய வெள்ளைன்னு குறிச்சு வச்சுட்டு அப்புறம் கேட்டுக்கலாம். எண்ணுனத செல்போன்ல, பறவைக் கணக்கு பதியுற ஈபேர்ட் ஆப்புல ஏத்திடுங்க. கூடு கட்டுன கருவேல மரத்துக்குக் கீழ மட்டும் போகாதீங்க, தாய்ப்பறவை எழும்பிடுச்சுன்னா காக்கா வந்து முட்டைய அள்ளிடும். போட்டோ சுமாரா வந்தா வந்துட்டுப் போகுது.