நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தெருவை அமைப்பது எப்படி: காவிரிப் படுகையின் அன்றாடத்தைத் தேடும் வழி

ஊர்த் திருவிழாவிலோ பள்ளி ஆண்டு விழாவிலோ பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தெரு ஒன்றை அமைத்து, மனிதர்கள் அக்கால உடையில் அக்கால வேலைகளைச் செய்து காட்டுவதை வாழ்ந்துகாட்டல் என்று சொல்லலாம். அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரை மீண்டும் நடித்துக் காட்டுவோர், படைவீரர்களோடு நில்லாமல், சமைத்தவர்களையும் தைத்தவர்களையும் கடை வைத்திருந்தவர்களையும் காட்டுகிறார்கள். காவிரிப் படுகையில் அத்தகைய முயற்சியில் இறங்குபவருக்கு அரசர்களின் கதை எளிதில் கிடைத்துவிடும். ஒரு குடியானவர் வீட்டில் காலையில் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் தேடித் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது. எங்கள் ஊரில் இருமுறை செய்து பார்த்த பழக்கத்தைக் கொண்டு அந்தத் தேடலை எப்படி நடத்துவது என்று எழுதுகிறேன்.

முதல் வேலை, ஓர் ஆண்டையும் ஓர் ஊரையும் ஒரு வீட்டையும் முடிவு செய்வது. ‘அந்தக் காலம்’ என்று பொதுவாக வைத்துக்கொண்டால் எந்தப் பொருளையும் சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது. 1799 உடன்படிக்கைக்குப் பின் தஞ்சைக் கோட்டையும் அதன் சுற்றுப்புறமும் மட்டுமே மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியிடம் எஞ்சின. 1855-இல் அவர் மகன் சிவாஜி இறந்ததும் அந்த மிச்சமும் ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போயிற்று. 1845 வரை தரங்கம்பாடி டேனிஷ்காரர்களிடம் இருந்தது. அதற்குச் சில மைல் தெற்கே காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி நடந்தது. ஆகவே 1840-ஐத் தேர்ந்தெடுப்பவர் எந்த ஊர் என்பதைச் சொன்னால்தான் எவருடைய சட்டம், எவருடைய சுங்கம் என்பதே தெரியவரும். 1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர், தஞ்சை வழியாகத் திருச்சி வரை ரயில் ஓடிற்று. கும்பகோணம் அந்தத் தடத்தில் இல்லை. நாங்கள் 1868-ஐயும், கும்பகோணத்துக்கு அருகே அரசலாற்றங்கரையில் ஒரு சிற்றூரையும் எடுத்துக்கொண்டோம். அதனால் எங்கள் தெருவிலிருந்து வெளியூர் போகிறவர் மாட்டு வண்டி கட்டினார் அல்லது நடந்தார். ரயிலைப் பற்றிப் பேச மட்டுமே செய்தார்.

முதல் முறை நாங்கள் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சமையற்கட்டில் பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கி அடுக்கி, திண்ணையில் ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிட்டிருந்தோம். தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்த பெரியம்மா ஒருவர் வந்து பார்த்தார். “இது ஏதுடா அப்ப? எங்க அம்மாச்சி சின்னப் பொண்ணா இருந்தப்ப அகல்தான்னு சொல்லுவாங்க, சீமெண்ணெயெல்லாம் அப்புறம் வந்தது” என்றார். பிறகு பித்தளையைத் தொட்டுப் பார்த்து, “இதெல்லாம் கல்யாணச் சீரு. பொழங்குனது மண்சட்டி. ஒடைஞ்சா வேற வாங்கிக்கிறது” என்றார்.

இன்றுவரை ஒவ்வொரு பொருளையும் அந்தச் சொல்லைக் கொண்டே நாங்கள் சோதிக்கிறோம். பரணிலும் பெட்டியிலும் மிஞ்சியிருப்பவை பெரும்பாலும் அதிகம் புழங்காதவை. கூறைப்புடவை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. அதே பெண் நாற்று நட்டபோது உடுத்திய சேலை கிழிந்து, குழந்தைக்குத் தூளியாகி, தரை துடைக்கும் துணியாகி, கடைசியில் விளக்குத் திரியாக எரிந்துபோயிருக்கும். கிடைத்த பொருள்களை மட்டும் பரப்பி வைத்தால் ஊரெல்லாம் பண்ணையார் வீடாகத் தோன்றும். ஆகவே கிடைக்காததைத் தேடிச் செய்விக்க வேண்டும்: குயவரிடம் சொல்லி அடிசற்பானையும் கலயமும், முடைபவரிடம் சொல்லி முறமும் தட்டுக்கூடையும்.

மிஞ்சிய பாத்திரமும் பயனற்றதன்று. பழைய சொம்பு ஒன்றை வெளிச்சத்தில் சாய்த்துத் திருப்பினால், கழுத்தில் புள்ளி புள்ளியாகக் கொத்திய பெயர் தெரியும். சிலவற்றில் வருஷத்தின் பெயரும் இருக்கும். அங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பி வருவது. ‘தாது வருஷம்’ என்று மட்டும் இருந்தால் அது 1816 ஆகவும் இருக்கலாம், பெரும் பஞ்சம் வந்த 1876 ஆகவும் இருக்கலாம், 1936 ஆகவும் இருக்கலாம். பெயருக்குரியவர் யாருக்குத் தாத்தா என்று குடும்ப வரிசையைக் கேட்டே அதைத் தீர்க்க வேண்டும். பெரியவர்களிடம் பேசும்போதும், அவர்கள் கண்ணால் பார்த்தது எது, பாட்டி சொல்லிக் கேட்டது எது என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இன்று தொண்ணூறு வயதானவரின் நேரடி நினைவு 1940-களுக்கு முன் செல்லாது.

அடுத்தது கணக்குகள். நில உடைமையாளர் வீடுகளிலும் மடங்களிலும் கோயில்களிலும் கணக்கோலைகளும் பழைய கணக்கு நோட்டுகளும் இன்னும் இருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தமிழ் எண்களும் முக்கால், அரைக்கால், மாகாணி போன்ற பின்னங்களும் தெரிந்திருக்க வேண்டும். நில அளவில் ஒரு வேலி இருபது மா, நெல் அளவில் ஒரு கலம் பன்னிரண்டு மரக்கால், ஒரு ரூபாய் பதினாறு அணா, ஓர் அணா பன்னிரண்டு தம்பிடி என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதி வரிகள் தாமே விளங்கும். மரக்கால் ஊருக்கு ஊர் அளவு மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. கூலி பெரும்பாலும் நெல்லாக இருப்பதைக் கண்டதும், எங்கள் நடிப்பில் கூலிக்காரர் கையில் காசு வைப்பதை நிறுத்திவிட்டோம். தஞ்சை மராட்டியர் காலத்தில் மோடி என்ற மராத்தி எழுத்தில் எழுதிய ஆவணங்களின் தமிழாக்கங்கள் அச்சில் கிடைக்கின்றன. அவை அரண்மனைக் கணக்குகள் என்பதால், விலைக்கும் கைவினைஞர் ஊதியத்துக்கும் அவற்றை நம்பலாம். குடிசை வாழ்வுக்கு அவை சாட்சி ஆகா.

படங்களில், கம்பெனி ஓவியங்கள் எனப்படும் தஞ்சைப் படங்கள் பெரும் புதையல். தொழிலாளி ஒருவர் தம் கருவியோடும் மனைவியோடும் நிற்பதாக வரைந்த வரிசைகளை லண்டன் அருங்காட்சியகங்களின் இணையத் தொகுப்பில் காணலாம். ஐரோப்பியர் வாங்குவதற்காகவே வரையப்பட்டவை அவை. ஒரே உருவம் பல தொகுப்புகளில் திரும்ப வரும், உடையும் வேலைக்கு உரியதைவிடச் சற்றுத் துலக்கமாக இருக்கும். கருவியின் வடிவத்துக்கு அவற்றை நம்புங்கள், துணியின் புதுமைக்கு நம்பாதீர்கள். லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயப் புகைப்படக்காரர் 1858-இல் எடுத்த தஞ்சைப் புகைப்படங்கள் கட்டடங்களையே பெரிதும் காட்டுகின்றன.

எழுதப்பட்டவற்றில் எங்களுக்கு மிகவும் உதவியது உ.வே.சாமிநாதையரின் தன்வரலாறு. பாபநாசத்துக்கு அருகிலுள்ள உத்தமதானபுரத்தைச் சேர்ந்த அவர் 1855-இல் பிறந்தவர் என்பதால், நாங்கள் தேர்ந்த ஆண்டில் சிறுவர். திண்ணைப் பள்ளிக்கூடம், ஓலை, எழுத்தாணி, ஊர்விட்டு ஊர் நடந்து போவது எல்லாம் அதில் உள்ளன. எனினும் அவர் அதை எண்பது வயதைத் தாண்டி எழுதினார். அது ஓர் அந்தணக் குடும்பத்தின் பார்வை. 1883-இல் வெங்கசாமி ராவ் தொகுத்த தஞ்சை மாவட்டக் கையேடு அரசுத் தேவைக்காக எழுந்தது. இரண்டிலும் வயலில் உழைத்தவரின் சொந்தக் குரல் இல்லை.

அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டுவிடுவது பொய்யான தெருவை அமைப்பதாகும். 1843-ஆம் ஆண்டுச் சட்டம் அடிமை முறையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது; பண்ணையாள் முறை அதற்குப் பின்னும் நீடித்து, அவர்களுக்கான பாதுகாப்புச் சட்டம் 1952-இல்தான் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும், காரைக்காலிலிருந்து ரீயூனியன் தீவுக்கும் கப்பலேறிப் போனவர்களில் இந்த வயல்களின் மக்களும் உண்டு. நடவுப் பாட்டும் ஒப்பாரியும் அவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கும் நெருக்கமான சாட்சிகள். அவர்கள் வாழ்வை எப்படிக் காட்டுவது, யார் நடிப்பது என்பதை அந்தக் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசிய பிறகே முடிவு செய்யுங்கள். பிள்ளைகளிடம் அவர்களுடைய தெருவைக் கேட்டு வேடம் கொடுப்பது கூடவே கூடாது.

துணிக்கு ஒரு நேரான சோதனை உண்டு. செயற்கைச் சாயம் முதன்முதலில் உருவானது 1856-இல். செயற்கை அவுரி சந்தைக்கு வந்தது 1897-இல். எனவே 1868-க்குச் சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் வெளுக்காத பருத்தியும் போதும். சேலை அகலம், கட்டு, ரவிக்கை உண்டா இல்லையா என்பதெல்லாம் சாதிக்கும் செல்வத்துக்கும் ஏற்ப மாறியதால் வீட்டை முடிவு செய்யாமல் உடையை முடிவு செய்ய முடியாது.

உணவில் தக்காளியையும் காப்பியையும் எடுத்துவிடுங்கள். காலையில் பழைய சோறும் நீராகாரமும். திவசச் சமையலில் மிளகாய் சேர்ப்பதில்லை என்பதைக் கொண்டு மிளகாயையும் நீக்கச் சிலர் சொல்வார்கள். அந்தச் சமையல் மிகப் பழைய வழக்கத்தைக் காப்பது. 1868-இல் மிளகாய் சாதாரண வீடுகளில் நன்றாகவே புழங்கிற்று. ஆலையில் தீட்டிய வெள்ளரிசியை வைக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு நோட்டுப் போடுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே அதற்கான சான்று, அது எந்த ஆண்டுடையது, எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்று எழுதுங்கள். சான்று எழுத முடியாத பொருள் தெருவுக்கு வர வேண்டாம். நிகழ்ச்சிக்கு ஒரு வாரம் முன்பே எல்லோரும் அதே உடையில் ஒரு மரக்கால் நெல்லை உரலில் குத்திப் புடைத்துப் பாருங்கள். இரண்டு பெண்கள் மாற்றி மாற்றி உலக்கை போட்டபோதுதான், முந்தானையை எப்படிச் செருகினால் தடுக்காது என்பது எங்களுக்குத் தெரிந்தது.