குடிநீரில் ஈயம்: ஃபிளிண்ட் நகரில் கணக்கு தவறிய இடங்கள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள ஃபிளிண்ட், கறுப்பின மக்கள் பாதிக்கும் மேல் வாழும் ஏழை நகரம். 2014 ஏப்ரலில் செலவைக் குறைக்க ஆற்று நீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் பாஸ்பேட்டைச் சேர்க்காமல் விட்டார்கள். பழைய குழாய்களின் ஈயம் குடிநீரில் கலந்தது. மக்கள் புகார் செய்தபடியே இருக்க, அரசின் எண்கள் மட்டும் ஆபத்தில்லை என்றன.

முதல் தவறு, ஊரின் எல்லையை அஞ்சல் குறியீட்டை வைத்து முடிவுசெய்தது. ஃபிளிண்ட் குறியீடுகளில் வரும் முகவரிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்கு ஃபிளிண்ட் தண்ணீரே போகவில்லை. பாதிக்கப்படாத பிள்ளைகளையும் சேர்த்து எண்ணியதால், பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயம் உயர்ந்தது கணக்கில் கரைந்துபோனது. மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷாவின் குழு ஒவ்வொரு முகவரியையும் வரைபடத்தில் குறித்துப் பிரித்தது. 5 வயதுக்குட்பட்டவர்களில், 100 மில்லி ரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருந்தவர்கள் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தார்கள். மிக மோசமான வார்டுகளில் 4.0 சதவீதம் 10.6 ஆனது. நகருக்கு வெளியே சொல்லத்தக்க மாற்றமில்லை. ஆகவே நீங்கள் ஓர் ஊரை ஆராய்ந்தால், முதலில் குடிநீர்க் குழாய் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கோடையில் பிள்ளைகளின் ரத்த ஈயம் எப்படியும் கூடும். "இது பருவகால ஏற்றம்தான்" என்று தட்டிக்கழிக்க இடம் தராதீர்கள். அந்தக் குழு 2013 ஜனவரி முதல் செப்டம்பர் 15 வரையிலான காலத்தை 2015-இன் அதே காலத்தோடு ஒப்பிட்டது.

அடுத்தது, முடிவு வந்தபின் குழாய் நீர் மாதிரியை நீக்குவது. அமெரிக்க விதிப்படி மாதிரிகளின் ஈய அளவுகளை ஏறுவரிசையில் அடுக்கி 90-ஆவது நூற்றுமானத்தைப் பார்க்க வேண்டும். 71 மாதிரி என்றால் 64-ஆவது எண். அது 15 பிபிபியை (நூறு கோடிப் பங்கு நீரில் 15 பங்கு ஈயம்) தாண்டினால் நடவடிக்கை கட்டாயம் என்பது அன்றைய விதி. 2015-இல் 71 மாதிரிகளில் இரண்டை நீக்கினார்கள். ஒன்று 104 பிபிபி. வடிகட்டி இருந்த வீடு என்பது காரணம். மற்றது 20, அது வீடல்ல என்றார்கள். நகரம் வரம்புக்குள் வந்துவிட்டது. வடிகட்டியைத் தாண்டியும் 104 வந்தது என்றால் அந்த வீட்டை விட்டுவிடவா வேண்டும்? நீக்கும் விதியை மாதிரி எடுப்பதற்கு முன்பே எழுதிவையுங்கள். நீக்கியும் நீக்காமலும் இரண்டு விடைகளையும் வெளியிடுங்கள்.

மாதிரி எடுப்பதிலேயே எண் குறைந்துவிடுவதும் உண்டு. முந்தைய இரவு குழாயைத் திறந்து ஓடவிட்டாலோ, குழாய் வாயின் வலையைக் கழற்றினாலோ, குறுகிய வாய்ப் பாட்டிலில் மெதுவாகப் பிடித்தாலோ ஈயம் குறைவாகவே தெரியும். 6 மணி நேரமாவது தேங்கிய நீரின் முதல் லிட்டரை, அகன்ற வாய்ப் பாட்டிலில், வழக்கமான வேகத்தில் பிடியுங்கள்.

சராசரியை நம்பாதீர்கள், ஈயம் வீட்டுக்கு வீடு மாறும். ஆனால் ஒரு வார்டில் 20 பிள்ளைகளுக்குத்தான் பரிசோதனை என்றால் ஒரு பிள்ளை கூடினாலே 5 சதவீதப் புள்ளி ஏறும். அங்கே அக்கம்பக்க வார்டுகளைச் சேர்த்து, பிழை எல்லையோடு எழுதுங்கள்.