யூரியா காற்றில் போகாமல் இருக்க

யூரியாவில் 46% தழைச்சத்து (நைட்ரஜன்). ஈரமான மண்ணின் மேல் தூவி அப்படியே விட்டால், அதில் ஒரு பங்கு சில நாட்களிலேயே அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மண்ணிலுள்ள யூரியேஸ் என்ற நொதி யூரியாவைச் சிதைக்கும்போது, குருணையைச் சுற்றி மண்ணின் காரத்தன்மை ஏறுவதே காரணம். வெயில், காற்று, களர் மண், மேலே கிடக்கும் வைக்கோல் எல்லாம் இழப்பைக் கூட்டும். பனி ஈரத்தில் இடுவதும் அப்படித்தான்: குருணை கரையும், மண்ணுக்குள் இறங்காது.

மானாவாரியில் 5 செ.மீ. ஆழத்தில் இட்டு மண்ணால் மூடுங்கள். பாசன வயலென்றால் காய்ந்த மண்ணில் தூவி, அன்றே 10 முதல் 15 மி.மீ. தண்ணீர் விடுங்கள். அதற்கு மேல் பாய்ச்சினால், குறிப்பாக மணற்பாங்கான நிலத்தில், சத்து வேரைத் தாண்டிக் கீழே போய்விடும். நெல் வயலில் தேங்கிய நீரில் வீசவே வேண்டாம். வடித்து, சேற்றில் இட்டு, மறுநாள் நீர் கட்டுங்கள்.

5 கிலோ யூரியாவுக்கு 1 கிலோ வேப்பம் புண்ணாக்குத் தூள் கலந்து ஓர் இரவு வைத்து இடலாம். யூரியாவிலிருந்து வரும் அம்மோனியம், நீரோடு எளிதில் கீழே இறங்கும் நைட்ரேட்டாக மாறுவதை இது தாமதப்படுத்தும், ஆவியாவதைத் தடுக்காது; ஆகவே மூடும் வேலை இருக்கவே இருக்கிறது.

மொத்த அளவையும் அடியுரமாகக் கொட்டாதீர்கள். இளம் பயிரால் அவ்வளவு உறிஞ்ச முடியாது. மூன்று தவணையாகப் பிரியுங்கள். கனமழை வரும்போல் இருந்தால் தவணையைத் தள்ளிப்போடுங்கள்.